மார்கழியில் திறக்காத போன்கள்

போன் கடை வைத்திருப்பவன் போன் விற்றுச் சம்பாதிக்கிறான் என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. நினைத்துக்கொள்ளட்டும். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சந்தில் ரொம்ப வருசமாகக் கடை வைத்திருக்கிறேன். போனில் நிற்கிற லாபத்தில் கடைக்குக் கரண்ட் பில் கட்டலாம், அவ்வளவுதான். ஆன்லைனில் இதைவிடக் குறைவு என்று தன் போனைக் காட்டி நம்மிடம் பேரம் பேசுவார்கள். அந்தப் போனையும் நம்மிடம்தான் வாங்கியிருப்பார்கள்.

சோறு போடுவது இன்சென்டிவ். கம்பெனிக்காரன் ஒரு மாடலைச் சொல்லி, இத்தனை விற்றால் இவ்வளவு, அதற்கு மேலே போனால் அவ்வளவு என்று படிக்கட்டு மாதிரி வைத்திருப்பான். ஒரே ஒரு போன் குறைந்தாலும் கீழ்ப்படியிலேயே நிற்க வேண்டியதுதான். சிம் கம்பெனிக்காரனும் லேசுப்பட்டவன் இல்லை. புது சிம் போட்டுக் கொடுத்தால் போதாது, வாங்கியவர் அடுத்த மாதமும் ரீசார்ஜ் செய்தால்தான் நமக்குக் கமிஷன். அடுத்தவர் எப்போது ரீசார்ஜ் போடுவார், எப்போது பெட்டியைப் பிரிப்பார் என்று வாயைப் பார்த்துக்கொண்டே கழிகிற பிழைப்பு இது.

எனக்கு விற்கிற சாமர்த்தியம் கிடையாது. யாராவது நாலு தடவை ஒரே கேள்வியைக் கேட்டால் ஐந்தாவது தடவை எனக்குச் சுள்ளென்று ஏறிவிடும். கடையில் விற்பனை முழுக்க என் மனைவிதான். வாசலில் வந்து எட்டிப் பார்ப்பார்கள். "மதினி இல்லையா? அப்பம் பொறவு வாரோம்" என்று திரும்பிப் போவார்கள். கல்லாவுக்குப் பின்னால் நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும்போதே இது நடக்கும்.

அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. போனை விற்றால், பெட்டியைப் பிரித்து சிம்மைப் போட்டதும் முதல் கால் அவளுடைய நம்பருக்குத்தான் போக வேண்டும். மேஜைக்கு அந்தப் பக்கம் வாங்கியவர் நிற்பார், இந்தப் பக்கம் இவள் நிற்பாள். "கேக்குதா?" "கேக்குது மதினி." இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனில் பேசுவார்கள்.

"ஏட்டி, எதிர்ல நிக்கிறவகிட்ட எதுக்குப் போன்ல பேசுத?" என்று ஒருநாள் கேட்டேன்.

"என் காதுல மொதல்ல விழுந்த போனு ரிப்பேருக்கு வராது, தெரியுமா?"

"வரத்தான் செய்யுது. உள்ள மூணு கிடக்கு."

"அது நீங்க வித்ததா இருக்கும்" என்றாள்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. சொல்ல வந்தது, பேசுவதற்கும் சண்டை போடுவதற்கும் எங்களுக்கு நாங்கள்தான் இருந்தோம் என்பதைத்தான்.

போன தீபாவளி முடிந்த கையோடு, எங்கள் பகுதியைப் பார்க்கிற கம்பெனித் தம்பி வந்தான். வழக்கமாக டின்னர் செட், பெட்ஷீட், மிக்சி என்று எதையாவது பரிசு சொல்லுகிறவன், அன்றைக்கு முகமெல்லாம் பல்லாக வந்தான். ஒரு மாடல் போன். டிசம்பர் முடிய அவன் சொல்லுகிற அளவுக்கு விற்றுவிட்டால், கடைக்காரரும் வீட்டம்மாவும் சிங்கப்பூர் போய்விட்டு வரலாம். பிளேன், ஓட்டல், சாப்பாடு எல்லாம் கம்பெனி செலவு.

"எல்லாம் கண்துடைப்புப்பா" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, இவள் அவனுக்கு டீ சொல்லிவிட்டாள். டீ வந்தது என்றால் காரியம் முடிந்தது என்று அர்த்தம்.

அவள் பிளேன் ஏறினதில்லை. தூத்துக்குடியில் இருந்து திருநெல்வேலிக்கு பஸ்ஸில் போகும்போது, வாகைக்குளம் ஏர்போர்ட் வந்தால் தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுந்து ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவாள். ஒரு தடவைகூடப் பிளேன் எதுவும் அங்கே நின்று நாங்கள் பார்த்ததில்லை. நாங்கள் போகிற நேரம் அப்படி. "சும்மா கட்டடத்தைப் பாத்து என்ன செய்யப் போற?" என்பேன். "உள்ள நிக்கும்லா" என்பாள்.

டார்கெட்டில் பாதிகூடத் தாண்டவில்லை, அதற்குள் பாஸ்போர்ட்டுக்குப் போட்டுவிட்டாள். விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, "சிங்கப்பூரு" என்று இவள் சொன்ன மிடுக்கு இருக்கிறதே, நாளைக்கே போய் அங்கே ஆட்சியைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி இருந்தது. கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னாள். "இந்தப் போனு வாங்குனா உங்களுக்கு நல்ல போனு, எனக்கு ஏரோப்பிளேனு." ஒளிவு மறைவு கிடையாது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் அப்படிச் சொல்லியே விற்றாள். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பெண்கள், புதியம்புத்தூரில் தைக்கப் போகிற பிள்ளைகள் எல்லாரும் மதினியைப் பிளேன் ஏற்றிவிட வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டு ஆள் கூட்டி வந்தார்கள்.

மார்கழி பிறந்தது. வம்பும் அதோடு பிறந்தது.

வருசக் கடைசி ஆஃபர் என்பதால் போன் நன்றாகத்தான் போனது. ஆனால் பெட்டியைப் பிரிக்க ஆள் இல்லை. "பீடை மாசத்துல புதுசு தெறக்கக் கூடாது மதினி. தை பொறக்கட்டும்." ஆஃபர் போய்விடும் என்பதற்காக இப்போதே வாங்கி, பீரோவில் வைத்துப் பூட்டி, பொங்கலன்றைக்கு மஞ்சள் குங்குமம் வைத்துத் திறப்பார்களாம். இவளும் லேசுப்பட்டவளா? மார்கழியில் புதுச் சீலை மடிப்பைக் கலைக்க மாட்டாள். "அதுஞ் சரிதான். தெறந்த அன்னைக்கு மொத போனு எனக்குப் போட்டிருங்க" என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

கம்பெனித் தம்பி வந்து கணக்கைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "அண்ணாச்சி, நீங்க பில் போட்டது கணக்கு இல்ல. வாங்குனவிய போனை ஆன் பண்ணி, அது கம்பெனி சர்வர்ல விழணும். அப்பத்தான் வித்ததா அர்த்தம்."

எனக்கு வந்த கோபத்தில் சிங்கப்பூரையே கொளுத்தியிருப்பேன். "மார்கழியில ஊர்ல எவன்லே புதுசு தெறப்பான்? உங்க கம்பெனிக்கு மாசந் தெரியாதா?"

"கம்பெனிக்கு டிசம்பருதான் அண்ணாச்சி தெரியும்" என்றான் அவன். அவனும் ஒரு டார்கெட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறவன். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. சில கடைகளில், விற்காத பெட்டியைப் பதமாகப் பிரித்து, தங்கள் சிம்மைப் போட்டு ஆன் செய்து, கணக்கில் ஏற்றிவிட்டுத் திரும்ப ஒட்டி வைத்துவிடுவார்கள். பிறகு வாங்குகிறவருக்கு வாரண்டியில் சில மாதம் போய்விடும், அவருக்குத் தெரியாது. நான் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "அடுத்த வீட்டுப் பால்சட்டியை உருட்டுததுக்கு நான் என்ன பூனையா?" என்று கேட்டுவிட்டாள்.

அவள் வேறு வழி பார்த்தாள். போன் வாங்கினவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். வைகுண்ட ஏகாதசியைவிடப் பெரிய நல்ல நாள் எது என்று வாதாடினாள். சிலர் அசைந்தார்கள். சிலர் மாமியாரைக் கேட்கணும் என்றார்கள். நேரில் போய் மாமியாரிடமே பேசினாள். எட்டயபுரம், விளாத்திகுளம் என்று பஸ் ஏறி இறங்கினாள். அவளுடைய போனில் ஒவ்வொரு போன் திறக்கும்போதும் கம்பெனியிடமிருந்து ஒரு மெசேஜ் வரும். 'வாழ்த்துகள்! நீங்கள் விற்ற போன் செயல்படத் தொடங்கியது. உங்கள் கணக்கில் இன்சென்டிவ் சேர்க்கப்பட்டது.' கூடவே கைதட்டுகிற பொம்மை ஒன்று. அதை என் மூக்குக்கு நேரே நீட்டிக் காட்டுவாள்.

டிசம்பர் கடைசி நாள். ஒரே ஒரு போன் குறைந்தது. பாக்கிப் பெட்டிகள் இருந்த வீடுகளில் எல்லாம் தை பிறந்தால்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இன்னும் கேட்காமல் இருந்தது ஒரே வீடு. நாகலாபுரத்துக்குத் தள்ளி, கரிசல்காட்டுக்கு நடுவில் வெள்ளாமை பார்க்கிற ஒரு சம்சாரி வீடு. அந்த அம்மா மகளின் கல்யாணச் சீருக்காகப் போன் வாங்கியிருந்தார். கல்யாணம் வைகாசியில். எத்தனை தடவை கூப்பிட்டாலும் அவர்களுக்கு லைன் கிடைக்கவில்லை. மழை நசநசவென்று பெய்துகொண்டிருந்தது. நான் போகிறேன் என்றேன். "நீங்க போனா பொண்ணு வீட்டுக்காரவியகிட்ட சண்டை இழுத்துட்டு வருவிய" என்று சொல்லிவிட்டு அவளே போனாள்.

சாயங்காலம் திரும்பினாள். செருப்பு கையில் இருந்தது. கரிசல் மண் காலில் அப்பி, முழங்கால் வரைக்கும் பூட்ஸ் போட்ட மாதிரி இருந்தது.

"என்னாச்சு?"

"வீடு பூட்டிக் கிடக்கு."

நான் கத்தினேன். கம்பெனியை, மழையை, நாகலாபுரத்தை, வாயில் வந்ததை எல்லாம் திட்டினேன். அவள் குழாயடியில் நின்று நிதானமாகக் காலைக் கழுவினாள். "விடுங்க. சிங்கப்பூரு எங்கன ஓடிரப் போகுது? அடுத்த வருசம் போவோம்." பாஸ்போர்ட்டைச் சீலைகளுக்கு நடுவில் வைத்துப் பீரோவைச் சாத்தினாள். எங்களுக்குக் கம்பெனியில் இருந்து ஆறுதலுக்கு ஒரு சூட்கேஸ் வந்தது. எங்கே கொண்டுபோவதற்கு என்று தெரியவில்லை.

பொங்கலுக்கு முந்தின வாரம், கடையில் நின்றுகொண்டிருக்கும்போதே நெஞ்சைக் கரிக்கிறது என்றாள். வாயு என்று அவளே சொல்லி, சோடா வாங்கிக் குடித்தாள். இந்த ஊரில் நெஞ்சு வலிக்கு எல்லாரும் முதலில் பார்க்கிற வைத்தியம் அதுதான். ஏப்பம் வரவில்லை, வேர்வை வந்தது. பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டுத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்சில் என் கையைப் பிடித்துக்கொண்டு, கடையைப் பூட்டினீர்களா என்று கேட்டாள். பூட்டினேன் என்றேன். கயத்தாறு தாண்டவில்லை. அதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

தை பிறந்தது. தெருவில் எல்லா வீட்டிலும் பால் பொங்கியது. எங்கள் வீட்டில் அவள் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, பக்கத்தில் அவளுடைய போன். யார் அங்கே வைத்தார்கள் என்று தெரியவில்லை. குலவைச் சத்தம் தெருவில் கேட்ட கொஞ்ச நேரத்தில், அந்தப் போனில் வெளிச்சம் வந்தது. எடுத்துப் பார்த்தேன். 'வாழ்த்துகள்!' கைதட்டுகிற பொம்மை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று. பிறகு இன்னொன்று. மார்கழி முழுக்கப் பீரோவில் பூட்டிக் கிடந்த போன்களை எல்லாம் ஊரில் ஒவ்வொரு வீடாகத் திறந்துகொண்டிருந்தார்கள். அவள் டிசம்பரில் காலில் விழாத குறையாகக் கேட்டது, கேட்க ஆள் இல்லாமல் போன பிறகு தானாக நடந்தது.

இரண்டு மூன்று பேர் கூப்பிடவும் செய்தார்கள். முதல் போன் மதினிக்குத்தானே? என் மச்சினன் எடுத்து விவரம் சொன்னான். அந்தப் பக்கம் ஓவென்று அழுகிற சத்தம் எனக்கே கேட்டது. துக்கம் கேட்டுத் துட்டிக்கு வந்திருந்த பெரியம்மா ஒருத்தி பொறுக்க முடியாமல், "அந்தப் போனை அமத்துப்பா, கேக்க முடியல" என்றாள். மாட்டேன் என்று நான் போட்ட சத்தத்தில் அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அந்த மெசேஜுக்காகவே இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். தை முழுக்க ஒன்றிரண்டு வந்தது. இது எட்டயபுரத்து மாமியார், இது தையல் பிள்ளை என்று எனக்குத் தெரியும். அவள் இன்னும் எங்கேயோ நின்று போன் விற்றுக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். பைத்தியக்காரத்தனம்தான். இருந்துவிட்டுப் போகட்டும். அவளுடைய நம்பர் செத்துப்போகக் கூடாது என்று மாதா மாதம் நானே ரீசார்ஜ் போட்டேன். அதற்கும் எனக்குக் கமிஷன் வந்தது.

மாசியில் மெசேஜ் நின்றுபோனது. பாக்கி இருந்தது நாகலாபுரம் மட்டும்.

பங்குனியில் கம்பெனித் தம்பி வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றான். "அண்ணாச்சி, தப்பா நினைக்காதீய. மதினியோட சேல்ஸ் ஐடியை மார்ச்சோட மூடச் சொல்லுதாவ. ஒரு போனு மட்டும் அவிய பேருல ஆன் ஆகாம நிக்கி. அதை உங்க ஐடிக்கு மாத்தித் தாரேன்."

"மாத்த வேண்டாம்."

"இன்சென்டிவ் வராம போயிருமே அண்ணாச்சி."

"அவ வித்தது அவ பேருலதாம்ல இருக்கணும். எனக்கு எதுக்கு?" என்றேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான். அவனும் இவள் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தவன்தானே.

மறுநாள் நாகலாபுரத்துக்குப் பஸ் ஏறினேன். மார்ச் முடிவதற்குள் அந்த ஒரு பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அவள் பேரில் கடைசியாக ஒரு தடவை அந்த மெசேஜ் வர வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. மழையில் அவள் காலைக் கவ்விய கரிசல், இப்போது பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அந்த வீட்டு முற்றத்தில் மிளகாய் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது.

அந்த அம்மா என்னைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "வாங்க அண்ணாச்சி! மதினி வரலையா?"

அவருக்குத் தெரியவில்லை. சொல்வதற்கு வாயைத் திறந்தேன். "வரலை" என்றுதான் வந்தது.

"நல்லா இருக்காவளா? அன்னைக்குக் கொட்டுத மழையில வந்தாவளே, காய்ச்சல் கீய்ச்சல் வந்திருமோன்னு எனக்குப் பயந்தான்."

எனக்குப் புரியவில்லை. "வீடு பூட்டியிருந்துச்சுன்னு சொன்னாளே?"

"ஐயோ, யாரு சொன்னா? இங்கன இந்தக் கல்லுலதான் உக்காந்திருந்தாவ. கருப்பட்டிக் காப்பி குடிச்சாவ. சிங்கப்பூருக்கு ஒரு போனுதான் குறையுதுன்னு சொல்லிச் சிரிச்சாவ. நான் போயி எடுத்துட்டே வந்துட்டேன் அண்ணாச்சி. எனக்கு மனசில்லதான். மூத்தவளுக்குச் சீர் சாமானை முன்னாடியே பிரிச்சு, அந்தக் கல்யாணம் நின்னு போச்சு. அதை யாருட்டயும் சொல்லுததில்ல. மதினிட்ட என்னமோ சொல்லிட்டேன். டக்குன்னு என் கையில இருந்து பெட்டியை வாங்கி, அவியளே கொண்டுபோயி பீரோவுல வச்சுட்டாவ. 'தாலி ஏறட்டும் மதினி, பொறவு தெறங்க. சிங்கப்பூரு எங்கன ஓடிரப் போகுது'ன்னாவ."

நான் அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னிடம் நிஜத்தைச் சொல்லியிருந்தால் மறுநாளே அந்த வீட்டு வாசலில் போய் நான் சண்டை போட்டிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். என்னோடு அத்தனை வருசம் குப்பை கொட்டியவள். பெட்டி அவள் கைக்கே வந்திருக்கிறது. சும்மா ஒரு பட்டனை அழுத்தியிருந்தால் போதும்.

"என்ன சோலியா வந்திய அண்ணாச்சி?"

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றேன்.

புறப்படும்போது ஒரு மஞ்சப்பை நிறைய மிளகாய் வற்றலை என் கையில் திணித்தார். "மதினிட்ட குடுங்க. நம்ம காட்டு வத்தலு. கல்யாணத்துக்கு ரெண்டு பேருமா வந்திரணும்."

பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விளாத்திகுளம் வருவதற்குள் எனக்கு அழுகை உடைத்துக்கொண்டு வந்துவிட்டது. பக்கத்துச் சீட்டுக்காரர், "வத்தல் நெடி கண்ணைக் கரிக்கும் அண்ணாச்சி, பையை மேல வைங்க" என்றார். எழுந்து மேலே வைத்தேன். அதற்கப்புறமும் நிற்கவில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்ச் முடிந்தது. அவள் ஐடியை மூடிவிட்டார்கள். வைகாசியில் கல்யாணப் பத்திரிகை வந்தது. துட்டி வீட்டுக்காரன் கல்யாணப் பந்தலில் போய் நிற்கக் கூடாது, நான் போகவில்லை. சீருக்கு ஒரு பணமுடிப்பை மட்டும் தெரிந்தவர் மூலமாக அவள் பேரில் கொடுத்தனுப்பினேன். அவள் இல்லாததைப் பற்றி அங்கே பேச்சு எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருந்தேன்.

கல்யாணம் கழிந்து இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ, கடையைத் திறந்து பெருக்கிக்கொண்டிருந்தேன். கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த அவள் போன் அடித்தது. மெசேஜ் இல்லை, கால். தெரியாத நம்பர். எடுத்தேன்.

"அத்தையா?" சின்னப் பெண் குரல். வளையல் சத்தம் நிறையக் கேட்டது.

"மாமா பேசுதேன்மா."

"மாமா, நாகலாபுரத்துல இருந்து போனு வாங்கினோம்லா, அந்தப் பொண்ணு. நான் இப்பம் அவிய வீட்டுல, திருப்பூர்ல இருக்கேன். போனை இப்பத்தான் தெறந்தோம். மொத போனு அத்தைக்குத்தான் போடணும்னு அம்மா சொல்லிவிட்டாவ. அத்தைட்ட குடுங்களேன்."

விளக்குமாறு என் கையிலேயே இருந்தது.

"அத்தை இங்கன இல்லைம்மா."

"இல்லையா?" குரல் கொஞ்சம் இறங்கியது. பிறகு அந்தக் குரல் சந்தோஷத்தில் துள்ளியது. "ஐய், சிங்கப்பூரு போயிட்டாவளா மாமா?"

சந்தில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. அது போகட்டும் என்று காத்திருந்தேன்.

"ஆமாம்மா. போயிட்டா."

"ஏரோப்பிளேன்லயா! அம்மாட்ட சொல்லணும். வந்ததும் நான் கூப்பிட்டேன்னு சொல்லுங்க. மாமா... மாமா, கேக்குதா?"

"கேக்குதும்மா" என்றேன். "நல்லாக் கேக்குது."